‘அதிகபிரசங்கி’ என்று டயரியில் எழுதிவிட்டார் டீச்சர்: கோபப்படலாமா?

கேள்வி: என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் கணக்கு வகுப்பில் டீச்சர் போர்டில் -3 × -4 = -12 என்று எழுதியிருக்கிறார். இவள் எழுந்து, “மிஸ், தப்பு, பிளஸ் 12 வரும்” என்று சொல்லியிருக்கிறாள். (போன வருஷ மிஸ் இப்படியெல்லாம் தப்பா போடமாட்டாங்க என்றும் சொன்னாளாம், அது வேறு விஷயம்.) அன்று சாயங்காலம் டயரியில், ‘மிகவும் அதிகபிரசங்கித்தனமாக நடந்துகொள்கிறாள், பெற்றோர் கவனிக்கவும்’ என்று எழுதி வந்திருக்கிறது. என் கணவர் சிரிக்கிறார், சின்ன வயதில் அவரைத் தினமும் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். பெண்பிள்ளைக்கு இந்தப் பேர் வந்தால் நல்லதில்லை என்கிறார் மாமியார். மகளோ, “பிரசங்கம்னா சர்ச்சுல பண்றதுதானே, நான் எப்ப பண்ணேன்?” என்று கேட்கிறாள். இந்தச் சொல்லுக்குச் சரியான அர்த்தம் என்ன, இது திட்டா? புகார் கொடுக்கலாமா? டயரியில் என்ன பதில் எழுதுவது?
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு தாய்)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

திட்டு இல்லை, புகார் கொடுக்கும் அளவுக்கும் இல்லை. அதற்காக உங்கள் கணவர் மாதிரி சிரித்துவிட்டுப் போகிற சொல்லும் இல்லை. வீட்டில் பாட்டி வாயிலிருந்து வரும்போது அது பாதிக்கு மேல் கொஞ்சல், டயரியில் மையால் எழுதி வரும்போது அது குற்றச்சாட்டு, உங்கள் வீட்டில் ஆளுக்கொரு விதமாகப் பேசுவதற்குக் காரணம் இதுதான். அப்புறம், அடைப்புக்குறிக்குள் ஒரு வரி போட்டு ‘அது வேறு விஷயம்’ என்று தள்ளியிருக்கிறீர்கள் பாருங்கள், என்னைக் கேட்டால் விஷயமே அங்கேதான் இருக்கிறது. கொஞ்சம் கழித்து அதற்கு வருகிறேன்.

முதலில் மகளுக்குப் பதில் சொல்லிவிடலாம், கடிதத்தில் இருக்கிற கேள்விகளிலேயே நல்ல கேள்வி அவளுடையதுதான். சர்ச்சில் பண்ணுவது பிரசங்கம்தான், தமிழ் பைபிளில் ‘பிரசங்கி’ என்று ஒரு புத்தகமே உண்டு, மலைப்பிரசங்கம் என்று எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம். கோவில் மண்டபத்தில் உட்கார்ந்து புராணம் சொன்னதும் பிரசங்கம், கட்சிக்காரர் மேடையில் பேசியதும் ஒரு காலத்தில் பிரசங்கம்தான், அதை ‘சொற்பொழிவு’ என்று நோட்டீஸில் அச்சடிக்க ஆரம்பித்ததெல்லாம் பிறகு. ஆக அதிகம், பிரசங்கி இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ‘ரொம்பப் பேசுகிறவர்’ என்றுதான் வரவேண்டும். ஆனால் நாம் அப்படிப் பயன்படுத்துவதில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் காலையில் வாசலில் நின்று ஆரம்பித்தால் மதியம் வரை வெங்காய விலையைப் பற்றிப் பேசுவார். அவரை வளவளா என்போம், அறுவை என்போம், யாரும் அதிகப்பிரசங்கி என்று சொல்லமாட்டோம். இன்னொரு பக்கம், ஒரு வீட்டில் பெண் பார்க்க வந்திருக்கிறார்கள், பெரியவர்கள் எல்லாம் உட்கார்ந்து வீடு சொந்த வீடு, ரெண்டு மாடி என்று பெருமையாகப் பேசிக்கொண்டிருக்கும்போது பத்து வயதுத் தம்பி எழுந்து, “இதுக்கு இன்னும் பேங்க் லோன் கட்டி முடிக்கலையே” என்கிறான். சொன்னது ஒரே ஒரு வாக்கியம், அதிலும் பொய் இல்லை, ஆனால் அவன் அதிகப்பிரசங்கி. வந்தவர்கள் போனபிறகு அவனுக்கு வேறு பெயர்களும் கிடைக்கும்.

அதனால் இங்கே ‘அதிகம்’ என்பது பேச்சின் அளவு இல்லை. பிரசங்கம் என்ற வடமொழிச் சொல்லுக்குப் பேச்சு மட்டும் அர்த்தமில்லை, சந்தர்ப்பம், எடுத்துக்கொண்ட விஷயம் என்றும் பொருள் உண்டு. ஹிந்தியில் பிரசங் என்றால் இன்றைக்கும் அதுதான். வடமொழித் தர்க்க சாஸ்திரத்தில் ‘அதிபிரசங்கம்’ என்று ஒரு கலைச்சொல் இருக்கிறது, ஒரு விதி எங்கே நிற்கவேண்டுமோ அங்கே நிற்காமல் தாண்டிப்போய் வேண்டாத இடத்திலும் பொருந்திவிடுவதைக் குறிப்பது. நம் வீட்டு அதிகப்பிரசங்கி தர்க்கம் படித்தவன் இல்லை, ஆனால் செய்கிற காரியம் கிட்டத்தட்ட அதுதான், நிற்கவேண்டிய இடத்தில் நிற்காமல் தாண்டிவிடுகிறான். மலையாளம், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் இதே சொல்லை இதே கண்டிப்போடு சொல்கிறார்கள். கேரளத்தில் ஒரு அம்மாச்சியிடம் பையன் வாய் காட்டினால் என்ன பெயர் வாங்குவான் என்று அங்கே படித்த யாரையாவது கேட்டுப் பாருங்கள்.

சரி, பொருள் எழுதச் சொன்னால் நான் இப்படி எழுதுவேன்: தன்னைக் கேட்காதபோது, தன் வயதுக்கும் நிலைக்கும் மீறிப் பேச்சில் நுழைந்ததாகச் சொல்பவர் நினைக்கும் ஆள். இதில் ‘நினைக்கும்’ என்பதை விட்டுவிடக் கூடாது, ஏனென்றால் இந்தச் சொல் எதிராளியைப் பற்றிச் சொல்வதில் பாதி, சொல்கிறவர் தன்னை எங்கே வைத்துக்கொண்டிருக்கிறார் என்பதையும் சொல்லிவிடுகிறது.

யார் யாரை இப்படிச் சொல்லலாம் என்று பாருங்கள், புரியும். மேலிருந்து கீழேதான் சொல்ல முடியும். அலுவலகக் கூட்டத்தில் மேலதிகாரி எல்லோர் பேச்சிலும் குறுக்கே விழுவார், அவரை யாரும் அதிகப்பிரசங்கி என்பதில்லை, டீக்கடைக்குப் போனபிறகு, “மனுஷன் யாரையும் பேசவிட மாட்டேங்கறார்” என்று வேண்டுமானால் முணுமுணுப்பார்கள். அதே கூட்டத்தில் போன மாதம் சேர்ந்த பையன் ஒரு தடவை கையைத் தூக்கிவிட்டால் போதும். வீட்டிலும் அப்படித்தான், மாமனார் மருமகளின் சம்பளத்தைப் பற்றிக் கேட்டால் “பெரியவர், அக்கறையில கேக்கறார்”, மருமகள் மாமனாரின் பென்ஷன் கணக்கைக் கேட்டால் அதிகப்பிரசங்கி. செய்தது ஒரே காரியம்.

பக்கத்துச் சொற்களோடு வைத்துப் பார்த்தால் இதன் கனம் இன்னும் தெளிவாகும். துடுக்கு என்பதில் கோபம் குறைவு, ரசிப்பும் கொஞ்சம் இருக்கும். வாயாடி பேச்சின் அளவையும் சாமர்த்தியத்தையும் சொல்வது. முந்திரிக்கொட்டை என்பது நேரத்தை மட்டும் குறிப்பது, பழத்துக்குள் இருக்கவேண்டிய கொட்டை வெளியே முந்திக்கொண்டு நிற்கிறதே, அதனால் வந்த பெயர், டீச்சர் கேள்வியை முடிப்பதற்குள் பதில் சொல்கிற பிள்ளைக்கு அதுதான் சரியான சொல். அதிகப்பிரசங்கி அதற்கு ஒரு படி மேலே, நேரத்தோடு ‘உனக்கு எதுக்கு இது’ என்ற கேள்வியும் சேர்ந்துகொள்கிறது. வாய்க்கொழுப்பு, எகத்தாளம் எல்லாம் வந்துவிட்டால் பேச்சில் வேண்டுமென்றே அவமதிப்பு இருக்கிறது என்று குற்றம் சாட்டுவதாக ஆகிவிடும். திமிர், தெனாவெட்டு இரண்டும் பேச்சைத் தாண்டி ஆளையே குறிப்பவை, வாயைத் திறக்காமலே ஒருவர் திமிர் பிடித்தவர் ஆகலாம்.

திமிர் என்ற சொல்லை நம் ஊர்களில் எப்படியெல்லாம் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று யோசித்தால் எனக்கு இந்த வரிசைச் சொற்கள் எல்லாவற்றின் மேலும் கொஞ்சம் சந்தேகம் வந்துவிடும். துண்டைத் தோளில் போட்டால் திமிர், ஊர்த் தெருவில் செருப்போடு நடந்தால் திமிர், சைக்கிளை விட்டு இறங்காமல் போனால் திமிர் என்று ஒடுக்கப்பட்ட சாதிக்காரர்களை அடித்ததும் அபராதம் போட்டதும் நடந்த நாடு இது. அவர்கள் யாரையும் அவமதிக்கவில்லை, மற்றவர்கள் செய்ததையே செய்தார்கள், அவ்வளவுதான். அதிகப்பிரசங்கிக்கு அப்படி ஒரு கொடுமையான வரலாறு இல்லை என்றாலும், ‘உன் இடம் எது தெரியுமா’ என்ற கேள்வி அதற்குள்ளும் இருக்கிறது. அதனால்தான் இந்தச் சொல்லைக் கேட்டவுடன், “என்ன தப்பாகச் சொல்லிவிட்டான்?” என்று யோசிக்காமல் “யார் முன்னால் சொன்னான்?” என்று நம் மனசு போய்விடுகிறது.

பையன், பெண் கணக்கும் உண்டு. சொல்லில் ஆண்பால் பெண்பால் கிடையாது, பயன்பாட்டில் உண்டு. ஆறு வயதுப் பையன் பெரியவர்கள் பேச்சில் நுழைந்தால் “சூட்டிகையான பையன்”, “வக்கீலாத்தான் வருவான்”. அதே வயதுப் பெண் நுழைந்தால் “போற இடத்துல எப்படிப் பொழைக்கப் போறாளோ”. எல்லா வீட்டிலும் இல்லை, ஆனால் நிறைய வீட்டில். உங்கள் கணவரின் சிரிப்புக்கும் மாமியாரின் கவலைக்கும் நடுவில் இருக்கிற தூரம் இதுதான் என்று நினைக்கிறேன், அவர் வாங்கியது கொஞ்சலோடு சேர்ந்த பெயர்.

இன்னொரு பயன்பாடும் உண்டு, எனக்குப் பிடித்தது. நம்மை நாமே இப்படிச் சொல்லிக்கொள்வது. “கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான், தப்பா நெனைக்காதீங்க” என்று யாராவது ஆரம்பித்தால் கவனமாகக் கேளுங்கள், அடுத்து வரப்போவது அந்தக் கூட்டத்திலேயே காரமான கருத்தாக இருக்கும். எதிராளி எடுத்து எறியக்கூடிய சொல்லை நாமே முதலில் எடுத்துவிட்டால் அவருக்கு எறிய ஒன்றும் மிச்சமில்லை. பெரிய பெரிய நிர்வாகக் குழுக் கூட்டங்களில் காரியம் நடப்பது இந்த ஒரு வாக்கியத்தால்தான்.

பெரியவர்கள் முன் அடங்கிப் பேசு என்பது நம்மிடம் பழைய விஷயம், குறளிலேயே இருக்கிறது. அவையறிதலில் 715ஆவது குறள்: ‘நன்றென்ற வற்றுள்ளும் நன்றே முதுவருள் முந்து கிளவாச் செறிவு.’ நல்லது என்று சொல்லப்பட்ட குணங்களிலும் நல்ல குணம், முதுவர் கூடிய இடத்தில் முந்திக்கொண்டு பேசாத அடக்கம். இதைக் காட்டிப் பிள்ளைகளை உட்காரவைக்கிறவர்கள் உரையையும் சேர்த்துப் படிக்கவேண்டும். பரிமேலழகர் முதுவர் என்பதை நம்மைவிட மேலானவர்கள் என்று எடுத்துக்கொள்கிறார், வயது மட்டும் கணக்கில்லை. அதோடு முந்திப் பேசுவதைத்தான் வள்ளுவர் விலக்கினார், ஆகவே அவர்களோடு சேர்ந்து பேசலாம், அவர்களுக்குப் பின்னால் பேசலாம் என்றும் பெறப்படும் என்று எழுதுகிறார். பேசாதே என்று இல்லை. அமைச்சைப் பற்றிய 638ஆவது குறளில் வள்ளுவரே ஒரு படி மேலே போய்விடுகிறார், அரசன் தானாகவும் அறியாதவன், அறிந்தவர் சொல்வதையும் தள்ளுகிறவன் என்றாலும் நல்லதைச் சொல்லவேண்டியது பக்கத்தில் இருப்பவனின் கடமை என்று. (இந்த இடத்தில் எல்லோரும் நக்கீரரை இழுத்து வருவார்கள். நான் இழுக்கவில்லை, அவர் சங்கப் புலவர், உங்கள் மகள் ஏழாம் வகுப்பு.)

அவளுக்குச் சொல்வதற்கு சுவாமிமலைக் கதை இன்னும் பொருத்தம். பிரணவத்துக்குப் பொருள் தெரியாத பிரம்மாவைப் பிடித்துச் சிறையில் போட்ட பிள்ளை, விடுவிக்க வந்த அப்பாவுக்கே பாடம் சொன்ன பிள்ளை, வேறு வீடாக இருந்தால் என்ன பெயர் கிடைத்திருக்கும்? ஆனால் அவருக்குத் தகப்பன்சாமி என்று பெயர் வைத்துக் கும்பிடுகிறோம், அப்பனுக்குப் புத்தி சொல்கிற பிள்ளையை இன்றைக்கும் வீட்டில் தகப்பன்சாமி என்று பாதிப் பெருமையோடுதான் கூப்பிடுகிறோம். அதே செயலுக்கு அங்கே தகப்பன்சாமி, இங்கே அதிகப்பிரசங்கி. வித்தியாசம் எங்கே என்று பார்த்தால், அங்கே அப்பா கேட்டார், பிள்ளை சொன்னது. சபையில் கூவவில்லை, காதில் சொன்னது.

இப்போது அடைப்புக்குறிக்கு வருவோம். உங்கள் மகள் இரண்டு வாக்கியம் சொல்லியிருக்கிறாள். முதல் வாக்கியம், “மிஸ், தப்பு, பிளஸ் 12 வரும்”. கணக்கு அவள் பக்கம், குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்கினால் மிகை எண்தான், இதில் பேச்சுக்கே இடமில்லை. சொன்ன முறை கொஞ்சம் வெட்டென்று இருக்கிறது, ஆனால் கணக்கு வகுப்பில் கணக்கைப் பற்றிச் சொல்வது தாண்டிப்போவது ஆகாது. நாற்பது பிள்ளைகள் அந்த -12ஐ நோட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது அதை நிறுத்தியது உண்மையில் டீச்சருக்குச் செய்த உதவி. இரண்டாவது வாக்கியம், “போன வருஷ மிஸ் இப்படியெல்லாம் தப்பா போடமாட்டாங்க”. இது கணக்கு இல்லை. இது டீச்சரை இன்னொரு டீச்சரோடு வைத்து, நாற்பது பேர் முன்னால் மார்க் போட்டது. அதை அவளிடம் யாரும் கேட்கவும் இல்லை. இரண்டாவதற்கு அந்தச் சொல் பொருந்தும், முதலாவதற்குப் பொருந்தாது. எந்த ஆசிரியரும் கை தவறி ஒரு குறியைப் போட்டதைப் பிள்ளை சுட்டிக்காட்டினால் அரை நிமிஷத்தில் மறந்துவிடுவார், ஒப்பிட்டுப் பேசினால் மறக்கமாட்டார். நானும் வகுப்பறையில் நின்றவன்தான், பிள்ளைகள் சிரித்தார்களா இல்லையா என்பதைப் பொறுத்து டயரியில் எழுத்தின் அழுத்தம் மாறும்.

டீச்சர் பக்கமும் பிசகு இருக்கிறது. நடந்த சம்பவத்தை எழுதாமல் பிள்ளையின் குணத்தை எழுதிவிட்டார். ‘திருத்தம் சொல்லும்போது முந்தைய ஆசிரியரோடு ஒப்பிட்டுப் பேசினாள், அறிவுரை கூறவும்’ என்று எழுதியிருந்தால் உங்களுக்கு எனக்குக் கடிதம் எழுதவேண்டிய அவசியமே வந்திருக்காது. சம்பவத்தை எழுதினால் அம்மாவும் பிள்ளையும் உட்கார்ந்து பேச ஒரு விஷயம் இருக்கும். குணத்தை எழுதினால் பிள்ளைக்குப் புரிவது ஒன்றுதான்: நான் வாயைத் திறந்தது தப்பு. அடுத்த முறை போர்டில் -12 என்று இருந்தால் பேசாமல் நோட்டில் எழுதிக்கொள்வாள். பேச்சில் சொல்லும்போது முகம் இருக்கிறது, குரல் இருக்கிறது, ஒரு சிரிப்பு சேர்ந்தால் சொல் இளகிவிடும், எழுத்தில் அதெல்லாம் போய்விடுகிறது, அதனால் இந்த மாதிரிச் சொற்களை டயரியில் எழுதவே கூடாது என்பது என் கட்சி.

அதற்காகப் புகார் வரை போகாதீர்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில் 17ஆவது பிரிவு, பிள்ளைகளுக்கு உடல் தண்டனை கொடுப்பதையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது, உண்மைதான். தினமும் வகுப்பில் எழுப்பி நிறுத்தி இந்தப் பெயரைச் சொல்லிக் கேலி செய்தால், மற்ற பிள்ளைகளையும் அப்படிக் கூப்பிட வைத்தால், அப்போது யோசிக்கலாம், முதலில் தலைமை ஆசிரியரிடம். ஒரு நாள் கோபத்தில் எழுதிய ஒரு வரி அந்தக் கணக்கில் வராது. டி.சி.யில் ஏறிவிடுமோ என்ற பயம் உங்களுக்கு உள்ளூர இருக்கலாம், அதில் ‘ஒழுக்கமும் பண்பும்’ என்று ஒரு இடம் இருக்கிறதே. வேண்டாம், டயரிக் குறிப்பு அங்கே போகாது. ஒழுங்கீனம் என்று எழுதியிருந்தால் நானே உங்களைப் பள்ளிக்குப் போய் விசாரிக்கச் சொல்லியிருப்பேன், பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் நடவடிக்கைக்கு முன்னால் எழுதுகிற சொல் அதுதான், அதிகப்பிரசங்கித்தனம் அந்தக் கோப்புகளுக்குள் போகாத வீட்டுச் சொல்.

டயரியில் பதில் எழுதத்தான் வேண்டும், வெறும் கையெழுத்து போதாது. இப்படி எழுதலாம்:

‘மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, தங்கள் குறிப்பைப் படித்தோம். முந்தைய ஆசிரியரோடு ஒப்பிட்டுப் பேசியது தவறு என்று மகளிடம் சொல்லியிருக்கிறோம், அவள் தங்களிடம் வருத்தம் தெரிவிப்பாள். கணக்கில் சந்தேகம் வந்தால் வகுப்பில் எப்போது, எப்படிக் கேட்கவேண்டும் என்று தாங்களே அவளுக்குச் சொன்னால் உதவியாக இருக்கும். தங்களை நேரில் சந்திக்க வசதியான நேரத்தைத் தெரிவிக்கவும்.’

இதில் அவள் கணக்கில் சொன்னது தவறு என்று எங்கேயும் இல்லை என்பதைக் கவனியுங்கள், டீச்சர் கணக்கில் சொன்னது தவறு என்றும் இல்லை. வருத்தம் எதற்கு என்பது ஒரே வாக்கியத்தில் கட்டிப்போடப்பட்டிருக்கிறது. மூன்றாவது வாக்கியம்தான் முக்கியம், கேட்பதே தப்பு என்று அவர் எழுதமாட்டார், எழுதவும் முடியாது, ஆக எப்படிக் கேட்கலாம் என்று ஒரு வழி சொல்லியே ஆகவேண்டும், அந்த வழி பிறகு உங்கள் மகளுக்குப் பாதுகாப்பு. அவர் எழுதிய சொல்லைத் திரும்ப எழுதாதீர்கள். எழுதினால் ‘அதிகப்பிரசங்கி’ என்று நடுவில் ப் போட்டு எழுதவேண்டும், டயரியில் அந்த ப் இல்லை என்று நீங்கள் எடுத்து அனுப்பியதிலேயே தெரிகிறது, அதைச் சுட்டிக்காட்டினால் அம்மாவுக்கும் அதே பெயர் கிடைக்கும்.

நேரில் போகும்போது, “என் பொண்ணு சொன்னது சரிதானே மேடம்” என்று ஆரம்பிக்காதீர்கள். அது அவருக்கும் தெரியும், அதனால்தான் அவ்வளவு கோபம். என்ன நடந்தது என்று அவர் வாயால் முழுக்கச் சொல்லவிடுங்கள். பெரும்பாலும் பேச்சின் பாதியிலேயே, “நல்லா படிக்கிற பொண்ணுதான், ஆனா...” என்று வந்துவிடும். வராவிட்டால், “மேடம், இந்த மாதிரி நடந்தா என்ன நடந்ததுன்னு எழுதிடுங்க, வீட்ல பேச வசதியா இருக்கும்” என்று கேளுங்கள், இதில் யாருக்கும் முகம் சுருங்காது.

மகளிடம் பேசுவதுதான் கஷ்டமான பகுதி. “பெரியவங்ககிட்ட இப்படியா பேசறது” என்று மட்டும் சொல்லி முடித்துவிடாதீர்கள், எதைச் சொல்கிறீர்கள் என்று அவளுக்குத் தெரியாது. இரண்டு வாக்கியத்தையும் ஒரு தாளில் அவளையே எழுதச் சொல்லி, எது கணக்கைப் பற்றியது, எது மிஸ்ஸைப் பற்றியது என்று கேளுங்கள், பன்னிரண்டு வயதில் அது நன்றாகவே புரியும். ‘சாரி’ இரண்டாவதற்கு மட்டும் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். முதலாவதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்க வைத்தீர்களானால் -3 × -4க்கு என்ன விடை என்பதே அவளுக்குக் குழம்பிவிடும். அடுத்த முறை இப்படிக் கேட்கலாம்: “மிஸ், அந்தக் கணக்குல ஒரு சந்தேகம், மைனஸும் மைனஸும் பெருக்கினா பிளஸ் வராதா?” சந்தேகம் இல்லாதபோது சந்தேகம் என்று சொல்லக் கற்றுக்கொடுப்பதில் எனக்கு முழு சம்மதம் இல்லைதான், ஆனால் கேள்வியாகக் கேட்டால் டீச்சரே திருத்திக்கொள்ள இடம் கிடைக்கிறது, நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்த இடம் யாருக்கும் வேண்டும். அப்படியும் அவர் -12தான் என்று சாதித்தால் அங்கேயே நின்று மல்லுக்கட்டவேண்டாம், மணி அடித்தபிறகு புத்தகத்தைத் திறந்து காட்டட்டும்.

மாமியாரிடம் விவாதத்துக்குப் போகாதீர்கள். அவர் காலத்தில் ஒரு பெண்ணுக்குப் பெயர் ஒட்டிக்கொண்டால் அது வரன் பேசுகிற வீடு வரைக்கும் போயிருக்கும், அவருடைய பயம் கற்பனை இல்லை. அந்தப் பயத்தை வைத்தே அவரிடம் ஒரு உதவி கேளுங்கள்: சொந்தக்காரர்கள் வரும்போது வீட்டில் யாரும் விளையாட்டுக்குக்கூட இவளை அப்படிக் கூப்பிடவேண்டாம், கூப்பிட்டால் அவரே தடுக்கவேண்டும். இப்படிக் கேட்டால் நிச்சயம் உங்கள் பக்கம் வந்துவிடுவார்.

பள்ளிக்கு இருவருமே போங்கள், அம்மா மட்டும் போனால் எல்லாம் அம்மா கொடுத்த செல்லம் என்று ஆகிவிடும். உங்கள் கணவர் அங்கே போய், “நானும் சின்ன வயசுல இப்படித்தான் மேடம்” என்று சிரிக்கமாட்டேன் என்று கிளம்பும்போதே ஒரு வாக்கு வாங்கிக்கொள்ளுங்கள்.